இரண்டு ரூபாய்

ராத்திரி பத்தரைக்கு ராமேஸ்வரம் டெப்போவில்
தோல்பையைக் கவிழ்க்கிறேன்.
சில்லறை விழும் சத்தத்திலேயே
கணக்கு உதைக்குமா தெரிந்துவிடும்.
அக்னி தீர்த்தத்துக் காசுக்குத் தனி ஒலி.
கயிற்றில் காந்தம் கட்டிப்
பையன்கள் இழுத்தெடுத்தது,
உப்பு தின்று முகம் அழிந்து
தலை எது பூ எது தெரியாமல்
டீக்கடை வழியாக என்னிடம் வரும்.
காந்தத்தில் ஒட்டாத பழசு
குனிந்து பொறுக்குகிறவனுக்குத்தான் கிடைக்கும்.
விளிம்பு அலையலையாய் வளைந்த பத்துப் பைசாவை
ஒரு கிழவர் டிக்கெட்டுக்கே நீட்டினார்.

ஒருமுறை
அச்சு நழுவி விழுந்த ஐந்து ரூபாய்,
சிங்கத்தின் ஒரு முகம் காசுக்கு வெளியே போய்விட்டது.
கீழக்கரை மீரான்கனி நானூறு தந்தார்.
"பிழைக்குத்தான் தம்பி விலை."
டெப்போவில் என் பிழைக்குச்
சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.

அன்றைக்கு இரண்டு ரூபாய் உதைத்தது.
காசாளர் சாத்தையா ஒரு நாணயத்தை
விரல்நுனியால் மேசை ஓரத்துக்குத் தள்ளினார்,
சோற்றுக் கல்லை ஒதுக்குவதுபோல.
"இது நம்மது இல்ல."

ட்யூப்லைட்டுக்கு அடியில் புரட்டினேன்.
வாளேந்திய சிங்கம்.
மறுபக்கம் சுழி சுழியாய்ச் சிங்களம்,
கூடவே
இரண்டு ரூபாய் என்று
தமிழில்.

பதினெட்டு வருஷமாகக் காசு எண்ணுகிறேன்.
எழுத்துக்கூட்டிப் படித்தேன்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைமாதிரி.

யார் தந்திருப்பார்கள்?
நான் யோசிக்கவே இல்லை.
மண்டபம் கேம்ப் ஸ்டாப்பில் ஏழே காலுக்கு ஏறி
உச்சிப்புளி ஜெராக்ஸ் கடைக்குப் போகிற பெண்.
எண்ணித் தருவாள், எண்ணி வாங்குவாள்.
துஷ்யந்தினி என்று
தூக்குச்சட்டியில் பெயர் வெட்டியிருக்கும்.

மறுநாள் பாலம் இறங்கி, மண்டபம் தாண்டி,
அவள் ஏறியதும் நீட்டினேன்
கொஞ்சம் பெருந்தன்மையாக,
கொஞ்சம் சத்தமாக:
"இந்தாங்க, உங்க ஊர்க் காசு."

வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைத்
துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.
"இது நீங்க தந்ததுண்ணே.
திங்கக்கிழமை மிச்சத்துல வந்துச்சு.
வித்தியாசமா இருக்கேன்னு வச்சிருந்தேன்.
நேத்து சில்லறை பத்தாம குடுத்துட்டேன்."

பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு,
"நான் கேம்ப்ல பொறந்தவ.
இந்தக் காசை முதமுதல்ல பாத்ததே
உங்க பஸ்லதான்."

"இங்க குடு, பாப்போம்" என்றாள்
பின்சீட்டு மீன்கூடைக்காரி.
காசு கைமாறிக் கைமாறிப் போனது.
யாரோ டூரிஸ்ட் விட்டது என்றான் ஒருவன்.
வலையில் வந்திருக்கும் என்றான் இன்னொருவன்.
கூடைக்காரி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி இருந்தாள்.
"எங்க மருமகன் அந்தப் பக்கத்து ஜெயில்லேர்ந்து வந்தப்ப
சட்டைப்பைல இப்படி மூணு கெடந்துச்சு.
துவைக்கும்போது பாத்தேன்."
அந்த மூன்றும் எங்கே போயின என்று
அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது காசு சூடாக இருந்தது,
மீன் வாசத்தோடு.
துஷ்யந்தினி ஒரு பத்தைச் சேர்த்து
"பன்னெண்டு, சரியா இருக்கா" என்றாள்.
சரி என்றேன்.
டிக்கெட் கொடுத்தேன்.

என் சொந்த இரண்டு ரூபாயைப் பையில் போட்டு
அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
மீரான்கனிக்குக் காட்டும் எண்ணம் இல்லை.
வேறு என்ன எண்ணம் என்றும் தெரியவில்லை.

சாயங்காலம் தங்கச்சிமடத்தில் கரண்ட் இல்லை.
டிரைவர் ராயப்பன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.
இருட்டில் தடவி எண்ணி
டீக்குக் கொடுத்துவிட்டு ஓடி ஏறினேன்.
பஸ் கிளம்பிய பிறகுதான்
நெஞ்சில் கை போனது.

இப்போதெல்லாம்
யார் இரண்டு ரூபாய் கொடுத்தாலும்
புரட்டிப் பார்த்துத்தான் போடுகிறேன்.
கள்ளக்காசு என்று சந்தேகப்படுகிறேனாம்.
"செல்லும்ணே," என்கிறார்கள்,
"நல்ல காசுதான். செல்லும்."